நான்காவது விஷயம்

பிப்ரவரி 25, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தையல் காய்ந்துவிட்டது, எழுந்து நடக்கிறேன். பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். எடை ஒரு கிலோ நூற்றெண்பது கிராம். அங்கே மாமாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? பெரிய அத்தானும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? இவர், உங்கள் கொழுந்தன், ஆஸ்பத்திரியிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்.

வரும் செவ்வாய் நம் சலவை நிலையத்துக்குப் புதிய பதின்மூன்று வாரச் சுற்று தொடங்குகிறது. என் இடத்தில் கூட்டம் நடத்த நீங்கள்தான் உட்கார வேண்டும். இங்கே கிளம்பி வந்த அவசரத்தில் நோட்டை மேசை இழுப்பறையில் விட்டுவிட்டேன், ஒன்றும் விளக்கவில்லை. போனில் சொன்னால் துவைக்கும் டிரம் சத்தத்தில் பாதி கேட்காது, கேட்ட பாதியும் எழுதப்படாது. எழுதப்படாதது நம் முறையில் சேராது. அதனால் கடிதம்.

சுவரில் இருக்கும் பழுப்புத் தாளில் ஒரு வேலைக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர். எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாவது பெயர் எழுதாதீர்கள். போன வருஷம் ஓட்டலின் இருநூறு தலையணை உறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அத்தான் பார்த்திருப்பார் என்று மாமா சொன்னார், இவர் பார்த்திருப்பார் என்று அத்தான் சொன்னார், நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று இவர் சொன்னார். தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்று நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் நான் காலேஜில் நிர்வாகப் பாடம் எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன்.

செவ்வாய் காலை பத்து மணி, முக்கால் மணி நேரம். முதலில் எண்கள்: எத்தனை கிலோ துவைத்தோம், கறை போகாமல் எத்தனை திரும்பி வந்தது, எத்தனை தொலைந்தது. பிறகு பட்டியல். யாருக்கு எது குறையோ அது பட்டியலில் இருக்கும். எதை முதலில் பேச வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கு மூன்று டிக். ஒவ்வொருவரும் தன் மூன்று டிக்கைச் சீட்டில் எழுதி மடித்து உங்களிடம் தர வேண்டும். நீங்கள் மட்டும் பிரித்து எண்ண வேண்டும், யார் எதற்குப் போட்டார் என்று மூச்சு விடக்கூடாது. அதிக டிக் வாங்கிய மூன்று விஷயம்தான் பேச்சுக்கு வரும். மற்றது அடுத்த வாரம். பட்டியலில் இருக்கும் எதையும் கூட்டத்துக்கு வெளியே பேசக்கூடாது, சாப்பாட்டு மேசையில் கண்டிப்பாகக் கூடாது. பதின்மூன்று வாரமும் முதல் மூன்றுக்குள் வராத விஷயத்தைக் கடைசிக் கூட்டத்தில் அடித்துவிட வேண்டும். அது நிஜக் குறையாக இருந்தால் வந்திருக்கும்.

வெளியூரில் இருப்பவர் டிக்கைக் கடிதத்தில் அனுப்பலாம். என்னுடையது: டிரையர் பெல்ட், காணாமல் போகும் கைத்துண்டுகள், மாடிப்படி ஈரம்.

பட்டியலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பாப்பாவும் நானும் வீடு திரும்புதல்.’ அவசரமில்லை. இரண்டு கிலோ வந்தால்தான் விடுவார்களாம்.

அன்புடன்,
சின்னவள்


மார்ச் 9, புதன்

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் கையும் காலுமாக இருக்கிறோம். மாமா முழங்கால் அவரை விட வீம்பு பிடித்தது, வடிய மாட்டேன் என்கிறது. உனக்குப் பால் ஊறுகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பாப்பாவின் கை விரல் எல்லாம் சரியாக இருக்கிறதுதானே?

நீ சட்டம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய், மாட்டிக்கொண்டது நான். முதல் கூட்டத்தில் சீட்டைக் கொடுத்ததும் மாமா, “எதுக்கும்மா இது? நான் என்ன எலெக்‌ஷன்ல நிக்கிறேனா?” என்றார். உன் அத்தான், “சின்னவ சட்டம்ப்பா. போட்டுத்தான் ஆகணும்” என்றார். மாமா கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்குக் காட்டாத பிள்ளை மாதிரி.

இரண்டு வாரமும் டிரையர் பெல்ட் முதல். கைத்துண்டு இரண்டாவது. மூன்றாவது, டிரம்காரருக்கு வாய் நீளம் என்பது. அது மாமா சேர்த்த விஷயம். டிரம்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், “டிரம் சத்தத்துல மெதுவா பேசினா யாருக்குக் கேக்கும்? கத்தினா வாய் நீளமா?” என்றார். நியாயம்தான். கூட்டம் முடிந்துவிட்டது.

உன் விஷயம் நான்காவது. இரண்டு வாரமும் ஒரே ஒரு டிக். பாப்பா இன்னும் எடை போடவில்லையே, அதனால் அவசரமில்லை என்று நீயும்தான் எழுதியிருக்கிறாய்.

தம்பி நன்றாக இருக்கிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான்.

அக்கா


மார்ச் 18, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் திங்களன்று கிடைத்தது. நான் சாப்பிடுகிறேன். பால் இருக்கிறது. விரல்கள் பத்தும் பத்தும் இருக்கின்றன. மாமாவை ஈரத்தரையில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கே தாய்மார் அறையில் நான்கு கட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். கை கழுவி, பால் எடுத்து, குப்பியில் பெயர் ஒட்டி, வார்டு ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைக் குழாய் வழியாக விடுவார்கள். முதலில் ஐந்து மில்லி, இப்போது பதினெட்டு. நான் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வருகிறேன்: மணி, அளவு, கக்கினாளா இல்லையா, எடை. எடை இன்று ஒரு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா” என்றார். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விடலாம் என்று நேற்று அனுமதித்தார்கள். “தொடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றாள் நர்ஸ். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி பால் நேரம்.

இங்கே விரிப்பை இஸ்திரி ரோலரில் விடும்போது ஓரத்தை இழுத்துப் பிடிப்பதில்லை போலிருக்கிறது. எல்லா விரிப்பிலும் ஒரு மூலை சுருங்கியிருக்கிறது. நம்மிடம் வந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

என் டிக்: பெல்ட், கைத்துண்டு, மாடிப்படி.

அந்த ஒரு டிக் பற்றி நினைத்துக்கொண்டேன். யார் என்று கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று தெரியும்.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 4, திங்கள்

சின்னவளுக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. உன் முதுகு வலி போயிற்றா? தாய்மார் அறையில் காற்று வருமா?

பெல்ட் மாற்றியாயிற்று, பட்டியலில் முதல் விஷயம் அடித்தோம். அடிக்கும்போது உன் அத்தானுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அந்த இடத்துக்கு இன்னொன்று ஏறிவிட்டது: ஓட்டல்காரர்கள் மேசை விரிப்பில் மெழுகை ஊற்றி அனுப்புகிறார்கள். அதன் கீழே கைத்துண்டு. அதன் கீழே மாடிப்படி ஈரம், ஏனென்றால் மாமா வழுக்கி மூன்று படி உட்கார்ந்தவாக்கில் இறங்கினார். அடி இல்லை. “படியில நீ எறங்கினியா, படி உன்னை எறக்குச்சா?” என்று டிரம்காரர் கேட்க, டிரம்காரர் வாய் மறுபடி பட்டியலுக்கு வந்துவிட்டது.

எண்களை நீ சொன்னபடி எழுதுகிறேன். கறை போகாமல் திரும்பியது போன வாரம் ஏழு, இந்த வாரம் நான்கு. எனக்கே ஆச்சரியம். சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். கறை பார்க்கும் உன் கட்டத்தில் உன் பெயருக்கு மேல் என் பெயரைப் பென்சிலால் எழுதச் சொன்னார் மாமா. ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர் என்று நீ சொன்னதால் உன்னுடையது இப்போதைக்குக் கணக்கில் இல்லை என்று காட்ட அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறோம். தப்பாக நினைக்காதே.

உன் விஷயம் நான்காவதாகவே இருக்கிறது. ஒரு டிக்.

அக்கா


ஏப்ரல் 8, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி இருக்கிறது, அதிகமில்லை. காற்று வருகிறது. மாமா விழுந்ததைக் கேட்டுக் கவலைப்பட்டேன், இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பாப்பா ஒரு கிலோ எழுநூறு. பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். என் மார்பின் மேல் படுக்க வைத்துத் துணி சுற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்கிறார்கள். உட்காருகிறேன். எதிர்ச்சுவரில் எத்தனை ஓடு என்று எண்ணினேன், இருநூற்றுப் பதினாறு.

பென்சில் நல்லதுதான். தப்பாக நினைக்கவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லவில்லை. இவர் என்னை இங்கே சேர்த்துவிட்டுப் போனாரே, அதற்கு முன் பாப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறந்த மூன்றாவது நாள். மூக்கில் குழாய், காலில் ஊசி, கண்ணைக் கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார். “வண்டிய தப்பா நிறுத்திட்டேன், நகத்திட்டு வந்துடறேன்” என்று இறங்கிப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி நகர்ந்தது. தெரு முனை வரை தெரிந்தது. மறுநாள் நர்ஸிடம் போன் செய்து ஊருக்கு வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. வாரம் தவறாமல் அந்த ஒரு டிக் விழுகிறதே. வாயால் வராதவருக்குச் சீட்டில் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது போதும்.

என் டிக்: மெழுகு, கைத்துண்டு, மாடிப்படி.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 16, சனி

அன்புள்ள உனக்கு,

நான் நலம். நீ எழுதவில்லை என்று அண்ணி சொன்னார்கள், அதாவது எனக்கு. நீ நலம்தானே.

வண்டிக்குக் கிளட்ச் மாற்றினேன். புதிதாக ஒரு விடுதி சேர்ந்திருக்கிறது, நாற்பது அறை, அதனால் இரண்டு நடை போக வேண்டியிருக்கிறது. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் திரும்ப எட்டு ஆகிறது. ஞாயிறும் அப்படித்தான். அண்ணன் இன்னொரு டிரைவர் போடலாம் என்றான். வேண்டாம் என்றேன்.

கூட்டம் ஒழுங்காக நடக்கிறது. அண்ணி நன்றாக நடத்துகிறார்கள்.

அந்தக் குழாயை எடுத்துவிட்டார்களா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நான்


ஏப்ரல் 28, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் இடுப்பும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? நான் நன்றாக இருக்கிறேன். பாப்பா இரண்டு கிலோ இருபது கிராம். குழாயை எடுத்து இருபது நாள் ஆகிறது, இவரிடம் சொல்லுங்கள். கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் எடை மட்டும்தான் எழுத வருகிறது.

டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். ஒரு நிபந்தனை. வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, ஒரு நாள் இங்கே இருந்து, கரண்டியால் பால் கொடுக்கவும் உடல் சூட்டைப் பார்க்கவும் கற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். தாய் ஒருத்தியிடம் மட்டும் கொடுத்து அனுப்ப மாட்டார்களாம். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாதது உங்களுக்குத் தெரியும்.

நர்ஸ் தினமும் கேட்கிறாள். “இன்னைக்கு யாராவது வராங்களாம்மா?” நான் இல்லை என்பேன். நேற்று, “உங்க வீட்டுல எத்தனை பேரு?” என்றாள். என்னையும் சேர்த்து ஐந்து என்றேன். “அஞ்சு பேரு இருந்துமா?” என்றவள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்களுக்காகத்தான். அவர்களிடம் பட்டியலைப் பற்றி எப்படி விளக்குவது?

பக்கத்துக் கட்டில்கள் மூன்றிலும் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஒருத்தி போகும்போது எனக்குத் தன் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். “நீங்க இருக்கப் போறவங்க” என்றாள்.

என் டிக்: மெழுகு, மாடிப்படி, புதிய விடுதித் துணியில் அடையாளம் தைக்கத் தனி நிற நூல்.

அன்புடன்,
சின்னவள்


மே 5, வியாழன்

சின்னவளுக்கு,

பாப்பா இரண்டு கிலோ தாண்டியதைச் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் கேட்டார்கள். மாமா நடக்கிறார். உனக்குத் தலைமுடி கொட்டுகிறதா? எனக்கு, இப்போது ஹாஸ்டலில் படிக்கிறவன் பிறந்த சமயத்தில், கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

டாக்டர் சொன்னதை உன் விஷயத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிவைத்தேன். அதற்கு மேல் கூட்டத்தில் நான் பேசக்கூடாது, முதல் மூன்றில் வரவில்லையே. செவ்வாய் மறுபடி நான்காவது. மறுபடி ஒரு டிக்.

என் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்காமல் கிடைத்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நீ போட்ட சட்டத்தை மீறித்தான் எழுதுகிறேன். சீட்டு எண்ணுவது நான். உன் கடிதத்திலிருந்து உன் மூன்று டிக்கைச் சேர்ப்பதும் நான். இந்தப் பத்து வாரத்தில் பெல்ட்டுக்குப் போட்டாய், கைத்துண்டுக்குப் போட்டாய், இங்கே நீ மிதிக்காத படிக்குப் போட்டாய். உன் விஷயத்துக்கு நீ ஒரு தடவைகூடப் போடவில்லையே, ஏன்? ஒருவர் தன் விஷயத்துக்குப் போடக்கூடாது என்று நோட்டில் எங்கேயும் இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

இருபத்துநான்காம் தேதி பதின்மூன்றாவது கூட்டம். முதல் மூன்றில் வராவிட்டால் அடிக்க வேண்டும்.

பதில் எழுது.

அக்கா


மே 21, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பாப்பா இரண்டு கிலோ நானூற்று முப்பது. முடி கொட்டுகிறது. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. பதிலைப் பன்னிரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். பக்கத்துக் கட்டில்காரி, “லவ் லெட்டரா?” என்று கேட்டாள்.

இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. அடித்தால் எழுந்துகொள்கிறேன். பால் எவ்வளவு என்று அவர்கள் சொல்கிறார்கள். கக்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. வீட்டில் மணி இல்லை. பாப்பா அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அது தெரியாததுகூடப் பெரிதில்லை. அவள் அழும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற தாய்மார்கள் அடுத்தவர் குழந்தை அழுதாலே மார்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இவளை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் எல்லோர் முன்னாலும், அது தெரிந்துவிடும். அதனால் பெல்ட்டுக்குப் போட்டேன்.

இப்போது மூன்று டிக்கையும் ஒரே விஷயத்துக்குப் போடுகிறேன். நான்காவதற்கு. கூட்டத்துக்கு முன் வந்து சேருமா என்று தெரியவில்லை.

சின்னவள்


மே 24, செவ்வாய்

சின்னவளுக்கு,

இன்று உன் கடிதம் வரவில்லை. இந்த வாரம் உன் டிக் இல்லாமல்தான் கூட்டம் நடந்தது. அதனால் உன் சங்கதி ஒன்றும் தெரியாமல் எழுதுகிறேன். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எண்கள் வாசித்தேன். சீட்டு வாங்கினேன். மாமா, அத்தான் இரண்டு பேரும் மெழுகுக்கும் நூலுக்கும் மாடிப்படிக்கும் போட்டிருந்தார்கள். தம்பியின் சீட்டு வெறும் தாள். நாலாக மடித்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மற்ற வாரமெல்லாம் ஏதாவது போடுவான், இன்றைக்குத்தான் வெறுமை.

அந்த ஒரு டிக் நான் போட்டது. பதின்மூன்று வாரமும் நான்தான். அவன் என்று நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். சட்டம் கையைக் கட்டியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. நீ எழுதியதைப் படித்தபோது, அந்த ஒன்றையும் உன்னிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.

கடைசியில் அடிக்க வேண்டியதை வாசித்தேன். ‘பாப்பாவும் சின்னவளும் வீடு திரும்புதல்.’ மாமா, “இது எதுக்கு லிஸ்ட்ல இருக்கு? அவன் பொண்டாட்டி, அவன் போய்க் கூட்டிட்டு வருவான்னு இருக்கேன்” என்றார். அத்தான், “டாக்டர் இன்னும் விடலைன்னுல நெனச்சேன்” என்றார். “எடைய சத்தமா வாசிச்சேனே” என்றேன். “வாசிச்சே. விடலாம்னு வாசிக்கலையே” என்றார். சின்ன எழுத்தில் எழுதியது என் தப்பு. தம்பி எழுந்து, லோடு ஏத்தணும் என்று போய்விட்டான். லோடு காலையிலேயே ஏற்றியாயிற்று.

நான் ஸ்கேல் வைத்து அடித்தேன். மாமா, “நில்லும்மா, அடிக்காதே” என்றார். “சட்டம் மாமா” என்றேன்.

இப்போது கேள். பட்டியலில் இருப்பதைத்தான் கூட்டத்துக்கு வெளியே தொடக்கூடாது. அடித்தது பட்டியலில் இல்லை. அதற்கு டிக் வேண்டாம், மூன்றுக்குள் வர வேண்டாம், யாரும் உட்கார்ந்து பேச வேண்டாம். இதை நான் போன மாதமே யோசித்துவிட்டேன். யோசித்துவிட்டுக் காத்திருந்தேன், அதற்குள் அவனே போவான் என்று. அது என் இரண்டாவது தப்பு.

காலை ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். எழுதாமல் வந்து நின்றால் நீ கணக்கில் சேர்க்க மாட்டாய்.

அக்கா


மே 30, திங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

மாமாவும் அத்தானும் நீங்களும் நலமாக இருப்பீர்கள். ஐந்து நாளாக அக்கா இல்லாத வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் நலம். பாப்பா இரண்டு கிலோ அறுநூறு.

அக்கா புதன் மதியம் வந்தார். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை எதிர்க்கட்டிலில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கை கழுவப் போனார். நர்ஸ் கரண்டியால் பால் கொடுப்பதை ஒருமுறை காட்டினாள். இரண்டாவது முறை அக்காவே கொடுத்தார். கையெழுத்துப் போடும் தாளில் உறவு என்ற இடத்தில் பெரியம்மா என்று எழுதினார். “ஒரு நாளுக்கு வந்தீங்க, ஒரு வாரம் இருக்கீங்களே, அங்க வேலை இல்லையா?” என்று நர்ஸ் கேட்டதற்கு, “இருக்கு. இருக்கட்டும்” என்றார். எனக்காகத்தான் இருக்கிறார். முதல் நாள் நான் பதினோரு மணி நேரம் தூங்கினேனாம். மணி அடித்தது கேட்கவேயில்லை.

நான் இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை போட்ட கடிதம் அங்கே வந்திருக்கும். அக்கா பெயருக்குத்தான். பிரிக்கவில்லை என்றால் பிரித்துப் படியுங்கள். நான் மறுபடி எழுதத் தெம்பில்லை. அக்காவிடம் இங்கே வாயால் சொல்லிவிட்டேன். அக்கா பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டே, “எனக்கு ஆறு மாசம் ஆச்சு” என்றார், அவ்வளவுதான். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று கேட்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கோபமாவது இருந்திருக்கலாம். பதின்மூன்று வாரத்தில் நீங்கள் இவளுக்கு ஒரு டிக் போடவில்லை. நானும் போடவில்லை. வேறு எதில் பொருந்தினோமோ இல்லையோ, இதில் நல்ல ஜோடி. நீங்கள் தெரு முனை வரை போனீர்கள், நான் ஜன்னலில் நின்றேன், இரண்டு பேரும் இவளை விட்டு ஒரே அளவு தூரத்தில்தான் இருந்திருக்கிறோம்.

என் கட்டத்தில் அக்காவின் பெயர் பேனாவில் இருப்பது அப்படியே இருக்கட்டும். கறை எண்ணிக்கை நான்காக இறங்கியது என் காலத்தில் நடக்கவில்லை. பதின்மூன்று வார விதியை எடுத்துவிடலாம் என்று மாமா சொன்னாராம். எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த விதி இல்லாவிட்டால் நான் இன்னும் நான்காவதாகவே இருந்திருப்பேன். எனக்கு என்ன வேலை என்பதை வந்து பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு ஒன்றுதான் தெரிகிறது, அதற்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நானே எழுந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ் நான்கு மணிக்கு வந்து சேரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம் என்று அக்கா சொல்கிறார். வரலாம். நீங்கள் வருவதானாலும் சரி. அவள் முகத்தில் இப்போது ஒன்றும் இல்லை, வெறும் முகம்தான், அக்காவுக்கு மாமா ஜாடை தெரிகிறதாம். எனக்கு இன்னும் யார் ஜாடையும் தெரியவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வந்தால் வண்டிக் கதவை மட்டும் ஓங்கிச் சாத்தாதீர்கள். சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள்.

இப்படிக்கு,
நான்